அரிசி டப்பாவில் ஓர் அணுகுண்டு

எங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் அண்டாத மூலையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. சதுரத் தகர டப்பா. மூடியில் இருந்த ரோஜாப் பூக்கள் உரிந்துபோய் இப்போது காம்பு மட்டும் மிச்சம். உள்ளே முக்கால் பாகம் பச்சரிசி. அந்த அரிசிக்குள் கையை விட்டால், சணல் சுற்றிப் பச்சைத்தாள் ஒட்டிய ஓர் அணுகுண்டு தட்டுப்படும். வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். தீபாவளிக்குப் பிள்ளைகள் வைக்கிற வெடிதான். கோயம்புத்தூரிலிருந்து எங்களுக்கு வாய்த்த மருமகன் போன பொங்கலுக்கு அரிசி தேடப் போய் அதைக் கையில் எடுத்துவிட்டு, தேள் ஏறியதைப் போல உதறினார். மற்ற ஊரில் அரிசியில் கல் பொறுக்குவார்கள், உங்கள் ஊரில் வெடி பொறுக்க வேண்டியிருக்கிறது என்று இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அந்த டப்பாவில் முதன்முதலில் அரிசியைக் கொட்டி வெடியைப் புதைத்து வைத்தவள் நான். வைக்கச் சொன்னவர் என் கொழுந்தனார்.

என் வீட்டுக்காரருடைய தம்பி அவர். பட்டாளத்தில் இருந்தார். ஊரிலும் அவருக்கு அதுதான் பெயர். "பட்டாளம் எப்ப வருது?" என்று கேட்டால், யாரைக் கேட்கிறார்கள் என்று நாய்க்கும் தெரியும். என்னைவிட ஒரு வயது மூத்தவர். ஆனாலும் அண்ணன் மனைவி என்பதால் "மதினி, சாப்பிட்டீகளா" என்று மரியாதையாகத் தொடங்குவார். அடுத்த வார்த்தை கேலியாக இருக்கும். நான் திருத்தங்கல்காரி. அங்கே ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. கல்யாணமாகிச் சாத்தூர் பக்கம் இந்தக் கிராமத்துக்கு வந்த பிறகும் தினமும் பஸ் ஏறி அதே வேலைக்குப் போய்வந்தேன். கொழுந்தனார் தெருவில் நின்று, "எங்க மதினி இருக்கப் போயித்தான் நாட்டுல செவ்வாய்க்கிழமைக்குப் பெறகு புதன்கிழமை வருது" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்வார். கோபம் வருவதைப் போல முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

என் மாமனார், நான் "மாமா" என்று கூப்பிடுகிறவர், இளம் வயதில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறையில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. டாக்டர் கொடுப்பதை நாங்கள் மாத்திரை என்போம். ஒரு நாள் காலையில் அந்த அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் பிழைக்கவில்லை. மாமா கை கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குப் போயிருந்ததால் உயிர் மிஞ்சியது, காது இரண்டும் போயிற்று. அதன் பிறகு கம்பெனிப் பக்கம் போகாமல் ஆடு வளர்த்தார். யாராவது பின்னாலிருந்து தொட்டுவிட்டால் அவருக்கு உடம்பே தூக்கிப்போடும். பெற்ற பிள்ளைகள்கூட எதிரே போய் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். ஆனால், என்ன விசித்திரமோ, வெடிச் சத்தத்துக்கு மட்டும் அவர் பயப்படவே மாட்டார். உலகத்தில் அவருக்குக் கேட்கிற ஒரே சத்தம் அதுதான். காதில் கேட்காது, நெஞ்சுக்கூட்டில் கேட்கும் என்று கையை வைத்துக் காட்டுவார்.

பெரிய பிள்ளையான என் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போய்விட்டார். சின்னப் பிள்ளை கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்று மாமாவுக்குப் பிடிவாதம். விருதுநகரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் தானே கையைப் பிடித்து அழைத்துப் போனாராம். பெற்ற பிள்ளையைச் சண்டைக்கு அனுப்புகிறாயே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலை ஊரில் இன்றும் சொல்வார்கள்: "அங்கன எதிராளி எந்தப் பக்கம் நிக்கான்னு தெரியும்லே. இங்கன நம்ம கையிலயேல்ல இருக்கான்." பட்டாசு வேலையைவிடப் பட்டாளம் பத்திரம் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. கொழுந்தனாரும் சிரித்துக்கொண்டேதான் ரயில் ஏறினார்.

எனக்குக் கல்யாணமான வருஷம்தான் அவர் முதல் லீவில் வந்தார். நல்ல உச்சி வெயில் நேரம். கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். மாமா வீட்டுக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆட்டுக்குத் தின்னக் குழைக்கொத்து கட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தனார் எட்டிப் பார்த்தார். கூப்பிட வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு, வந்த வழியே திரும்பிக் கடைக்குப் போய் ஒரு அணுகுண்டு வாங்கிவந்தார். தெரு அடிகுழாயைத் தாண்டி அதை வைத்து, ஊதுபத்தியால் திரியைக் கொளுத்திவிட்டுத் தள்ளி நின்றார். வெடித்த வெடியில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. மாமா குழையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் புகுந்து வாசலுக்கு வந்தார். மகனைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. வாய் மட்டும், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் திட்டியது: "ஏலே, மெதுவா போடக் கூடாதாலே? ஊரே முழிச்சிக்கிடும்ல!" உச்சி வெயிலில் எந்த ஊர் தூங்கும்?

பிறகு நான் கொழுந்தனாரிடம் கேட்டேன். எதிரே போய் நின்றால் போதாதா, எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று. சட்டென்று கேலி எதுவும் வரவில்லை அவருக்கு. "எதுக்க போயி நின்னா பாப்பாக மதினி. நான் வந்திருக்கேன்னு அவுகளுக்குக் காது கேக்கணும்ல" என்றார்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. வெடி செய்தே பிழைக்கிற ஊர் என்றாலும் எங்கள் ஊரில் சும்மா வெடிக்கிறவர்கள் குறைவு. அதனால் சாதாரண நாளில் ஒற்றை அணுகுண்டுச் சத்தம் கேட்டால், பட்டாளம் லீவில் வந்துவிட்டது என்று ஊரே தெரிந்துகொள்ளும். வருவதற்கு முன்னால் அச்சகத்துக்கு எனக்கு போன் செய்வார். நான் ஒரு வெடியைப் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் கொடுத்துவைப்பேன். அவர் இறங்கி அதை வாங்கிக்கொண்டு வருவார். மாமா வெளியே வருவார். அதே சிரிப்பு, அதே திட்டு. பக்கத்து வீட்டு அக்கா மட்டும், உங்க வீட்டுப் பட்டாளம் வந்தால் என் கோழி ஒரு வாரத்துக்கு முட்டை வைக்காது என்று சண்டைக்கு வருவாள். அவளுக்கும் சேர்த்துத்தான் பெட்டியில் முந்திரி, பாதாம் எல்லாம் வரும்.

ஒரு மழைக்கால லீவில் பரணில் வைத்திருந்த வெடி நமுத்துப்போய்விட்டது. கொழுந்தனார் கொளுத்தியதும் புஸ்ஸென்று புகைந்து அடங்கியது. மாமா உள்ளே கட்டிலில்தான் இருக்கிறார், நாலு எட்டு வைத்தால் வீடு. வெடி வெடிக்காமல் உள்ளே வரமாட்டேன் என்று கொழுந்தனார் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் வேறு வெடி வாங்கச் சைக்கிளில் போனார். அதுவரைக்கும் பட்டாளத்துக்காரர் அடிகுழாய்ப் பக்கத்தில் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். நான் தெருவுக்கே காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். காவலுக்கு உட்காருவது தனக்குப் பழக்கம்தான் என்று குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இனிமே அரிசிக்குள்ள போட்டு வைங்க மதினி, ஈரம் அண்டாது. அரிசியையும் அப்பப்ப மாத்திக்கிடுங்க" என்றார். பிஸ்கட் டப்பாவுக்கு வேலை கிடைத்தது அன்றைக்குத்தான்.

இன்னொரு லீவில் மாமாவுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று கொண்டுவந்தார். கழுத்துவரை மூடுகிற, கருநீலக் கம்பளிச் சட்டை. எங்கள் ஊரில் மார்கழியிலேயே வேர்க்கும். மாமா அதைச் சித்திரை வெயிலில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். முகத்தில் வேர்வை வழிய, கேட்கிறவர்களிடம் எல்லாம் பனிமலையைப் பற்றி ஏதோ தானே ஏறிவிட்டு வந்ததைப் போலப் பேசினார். மகன் லீவில் இருக்கிற நாளெல்லாம் அது அவர் உடம்பில் இருக்கும். மகன் ரயில் ஏறியதும் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். அந்த நாட்களில் ஒரு தடவை, பட்டாளத்தில் வெடிச் சத்தம் கேட்டால் பயமாக இருக்குமா என்று கொழுந்தனாரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "அங்கன சத்தம் கேட்டா படுக்கணும் மதினி. இங்கன சத்தம் கேட்டா எங்கப்பா எந்திரிச்சு வருவாக. எனக்கு இதான் பிடிச்சிருக்கு."

கார்கில் சண்டை வந்தது. அந்தக் கோடையில் ஒரு நாள் அச்சகத்துக்கு போன் வந்தது. கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே அவர் குரல். மேலே மலைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள், கொஞ்ச நாளைக்குப் பேச முடியாது, தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கிறேன் என்றார். டப்பாவில் ஒன்று இருக்கட்டும் என்றார். இருக்கிறது என்றேன். "அரிசிய மாத்துனீகளா?" என்று சிரித்தார். அதற்குள் லைன் போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலமே அரிசியை மாற்றினேன். வேறு எதுவும் செய்யக் கையில் இல்லை.

அந்த நாட்களில் மாமா டீக்கடை டிவிக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுவார். பீரங்கி பின்னால் உதைத்துப் புகை கிளம்புவதை, சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் காலை தலையாரியும் ஒரு போலீஸ்காரரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் அழாமல் நின்றார், அப்பாவிடம் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

எங்கள் வீட்டில் மாமாவோடு பேசக் கைச்சாடைதான். நெற்றியில் கை வைத்து சல்யூட் அடித்தால் சின்னவர். கையை மூடிப் படக்கென்று விரித்தால் வெடி; அதாவது, அவர் வந்துவிட்டார். சாவுக்கு எங்களிடம் சாடை இல்லை. அதுவரை தேவைப்படவில்லை. என் வீட்டுக்காரர் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து நெற்றியில் கையை வைத்தார். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மெதுவாகத் தரையில் மல்லாத்தி வைத்தார். மாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் கையை மூடி, விரித்துக் காட்டினார். வெடி எங்கே என்று கேட்கிறார். என் வீட்டுக்காரர் இல்லையென்று தலையை ஆட்டினார். "அப்ப அவன் வரல" என்று சொல்லிவிட்டு மாமா ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

விளங்காத மனிதர் இல்லை அவர். கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பட்டாளத்தில் சேர்த்தது தான்தானே என்பது அவரை உள்ளே அரித்திருக்க வேண்டும். உடல் வந்து சேரும்வரை யார் என்ன சாடை காட்டினாலும் அதே கையை மூடி விரித்தார். சாப்பிட்டார், ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தார், எங்கள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கல்யாணமாகாத பிள்ளை, தகப்பன் கையால் வாய்க்கரிசியும் முதல் பிடி மண்ணும் விழாமல் எப்படி அனுப்புவது என்று எங்களுக்கு அதே கவலை.

எங்கள் ஊரில் சாவு என்றால் வெடி உண்டு. அன்றைக்கு அது இல்லை. கம்பெனிகள் எல்லாம் லீவு விட்டிருந்தன. சரவெடியோடு வந்த இளவட்டங்களை ஊர்ப் பெரியவர் தடுத்தார். பிள்ளை சத்தத்துக்குள்ளே கிடந்து உயிரை விட்டிருக்கிறான், சத்தமில்லாமல் அனுப்புவோம் என்றார். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது, எனக்கும்தான். மதுரையிலிருந்து பட்டாள லாரி வந்து நின்றபோது தெரு நிறையச் சனம், ஒரு குழந்தைகூட அழவில்லை. கொடி போர்த்திய பெட்டியை அடிகுழாய்க்குப் பக்கத்தில் பெஞ்சில் வைத்தார்கள்.

மாமா பின்பக்கம், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் எதிரே போய் நின்றார், மாமா கண்ணை மூடிக்கொண்டார். தோளைத் தொட்டதும் உடம்பு தூக்கிப்போட, கையை உதறினார். ஊர்ப் பெரியவர் போனார். உடலோடு வந்திருந்த பட்டாள அதிகாரி சுபேதாரே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனார். ஒன்றும் நடக்கவில்லை. மாமா கண்ணைத் திறந்து ஒரே ஒரு தடவை சொன்னார்: "எம்புள்ள வந்தா எனக்குக் காது கேக்கும்." பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்ய வேண்டும், தூக்கிக்கொண்டுதான் வர வேண்டுமா என்று ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே போய் டப்பாவைத் திறந்தேன். அரிசிக்குள் கையை விட்டு வெடியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, சுபேதாரிடம் காட்டினேன். தமிழ் தெரிந்த மனிதர். கொழுந்தனார் அவரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. ஒன்றுமே கேட்காமல் தன் ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறந்ததிலிருந்து இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறேன், அதுவரை ஒரு அணுகுண்டுக்கு நான் நெருப்பு வைத்ததில்லை. வாசலிலேயே வைத்தேன். ஊதுபத்தி திரியைத் தேடித் தேடி விலகியது. பற்றியதும் ஓடக்கூடத் தோன்றாமல் நின்றேன். யாரோ இழுத்துக்கொண்டார்கள். அது வெடித்தது.

புகை கலைகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெடி போட்டும் ஆளைக் காணோம். அப்புறம் மாமா வந்தார். உடம்பில் கருநீலக் கம்பளிச் சட்டை. அதை எடுத்துப் போட்டுக்கொள்ளத்தான் அவ்வளவு நேரம். நேராகப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, பெட்டியில் பதித்திருந்த கண்ணாடிக்குள் மகன் முகத்தைப் பார்த்தார். சிரிப்பதைப் போலத்தான் வாயைத் திறந்தார். அதே உரத்த குரலில், ஊரே கேட்கச் சொன்னார்:

"ஏலே, மெதுவா போடக் கூடாதாலே? ஊரே முழிச்சிக்கிடும்ல."

ஊரே வாய்விட்டு அழுதது அப்போதுதான். சண்டைக்கு வருகிற கோழிக்கார அக்கா தரையில் விழுந்து அழுதாள். வாய்க்கரிசிக்கு அந்த டப்பாவைத்தான் நீட்டினேன். மாமா அதிலிருந்து அள்ளிக் கண்ணாடி மேல் வைத்தார். இடுகாட்டில் முதல் பிடி மண்ணும் அவர் கையால்தான் விழுந்தது. துப்பாக்கிகளை வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் மாமா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். முடிந்ததும் என் வீட்டுக்காரரிடம், "நல்ல காஞ்ச மருந்து" என்றார். தன் பிள்ளைக்குச் செய்த மரியாதையில் குறையில்லை என்று சொல்ல அவரிடம் இருந்த வார்த்தை அது.

செய்தது சரியா, வயசான மனிதரை ஏமாற்றிவிட்டோமா என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் குழை கட்டிக்கொண்டிருந்தவர் என்னை எதிரே உட்காரச் சொன்னார். "அன்னிக்குப் போட்டது நீதான்னு எனக்குத் தெரியும் தாயி. அவன் எப்பவும் குழாயத் தாண்டி வைப்பான். நீ வாசல்லயே வச்சிட்ட, சுவரே ஆடிப்போச்சு" என்றார். பிறகு கட்டை இறுக்கியபடியே சொன்னார்: "கூப்பிட ஆளில்லாமதான் உக்காந்திருந்தேன். நீ கூப்பிட்ட, வந்தேன்." அன்றைக்கு விட்டது எனக்கு அந்த உறுத்தல். டப்பாவில் புதிதாக ஒன்று வாங்கிப் போடச் சொன்னார். மறுநாளே வாங்கிப் போட்டேன்.

பல வருஷம் கழித்து மாமா தூக்கத்திலேயே போனார். இந்த முறை இளவட்டங்கள் சரவெடியை மாலை மாலையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். கொளுத்தப் போனவர்களைப் பொறுக்கச் சொன்னேன். இடுகாட்டில், மகனுக்குப் பக்கத்திலேயே அவருக்கும் இடம். டப்பாவிலிருந்து எடுத்துப் போன வெடியை அங்கே முதலில் நான் வைத்தேன். முன்னால் போனவருக்குத் தெரிய வேண்டாமா, அப்பா வருகிறார் என்று? ஊதுபத்தி அன்றைக்குத் திரியை விட்டு விலகவில்லை. எட்டத் தள்ளித்தான் வைத்தேன்.

இப்போது யார் வந்தாலும் பஸ் எங்கே வருகிறது என்று போனிலேயே தெரிந்துவிடுகிறது. மகளும் மருமகனும் மதுரை தாண்டும்போதே படம் அனுப்பிவிடுகிறார்கள். காது கேளாதவர் யாரும் வீட்டில் இல்லை. ஆனாலும் தீபாவளிக்குத் தீபாவளி வெடியை மாற்றுகிறேன், ஆடியில் ஒரு தடவை அரிசியை மாற்றுகிறேன். இது யாருக்கு என்று வீட்டுக்காரர் போன மாதம் கேட்டார். எனக்குத்தான் என்றேன். நான் போகிற அன்றைக்கு வேறு எந்த வெடிக்கும் முன்னால் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஒருவர் எழுந்து வந்து, மெதுவாகப் போடக் கூடாதா என்று திட்டுவார். இன்னொருவர், "அரிசிய மாத்துனீகளா மதினி?" என்பார்.